பங்கு 25 ரூபாய், பாக்கி 347 ரூபாய் 12 அணா

பெருமுக்கல் மலையடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா சுருக்குப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்து, மடிப்புகளில் நைந்துபோன ரசீது. விடியுமுன் மரக்காணம் அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, வெயில் ஏறுமுன் ஊர் திரும்புகிறவர். பாதங்களில் உப்புநீர் அரித்த வெடிப்புகள்.

“இதப் பாரு தம்பி. நூறு ரூபா குடுத்திருக்கேன். கேசு நடத்தணும்னு சொல்லி வாங்கினாங்க. வருசம் ஒண்ணாச்சு. கேசு இன்னா ஆச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லல.”

“வேற யாரெல்லாம் குடுத்தாங்கம்மா?”

“அளத்துல வேலை செய்யறவங்க எல்லாந்தான். குடுக்க மாட்டோம்னா சொன்னோம்? கணக்கு சொன்னா இன்னும் குடுப்போம்.”

வாங்கியவர்கள் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றி. ஏழை மக்களுக்காக நீதிமன்றம் ஏறுகிற வழக்கறிஞர், அரசியலுக்காக மக்களிடம் பணம் திரட்டுகிற மனிதர், இந்த இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அவருடைய வாழ்க்கை எப்படிப் போகும்? பெருமுக்கல்லிலிருந்து மரக்காணம் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது என் நினைவில் நின்றவர், இன்னொரு உப்பளக் கடற்கரையில் வக்கீல் தொழில் நடத்தியவர். தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் பிள்ளை.

கப்பலோட்டிய தமிழன் என்றே அவரை நமக்குத் தெரியும். 1961இல் வந்த படத்தின் தலைப்பு அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கப்பலுக்கும் முன்னால் அவர் வக்கீல். கப்பல் வாங்கிய பணம் ஒவ்வொரு பங்காக விற்றுத் திரட்டிய பணம். அந்த வக்கீலையும் அந்த வசூலையும் சேர்த்துப் பார்த்தால்தான், பின்னால் அவர் அனுபவித்த வறுமையின் கனம் தெரிகிறது.

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். திருச்சியில் சட்டம் படித்துத் தேறி, 1890களின் நடுவில் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். பெரும்பாலும் குற்றவியல் வழக்குகள். போலீஸ் ஜோடித்த வழக்குகளில் சிக்கிய எளியவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். காசில்லாதவர்களுக்குக் காசு வாங்காமலே வாதாடினார். உள்ளூர் அதிகாரிகளோடு அவருக்கு ஓயாத உரசல். மகன் இப்படியே போனால் ஆபத்து என்று அப்பாவுக்குக் கவலை. 1900இல் அவர் தூத்துக்குடிக்கு இடம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யுளில் எழுதிய சுயசரிதையில் இந்த வழக்குகளை அவர் விவரமாகவே சொல்கிறார். அந்தப் பகுதிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். பின்னாளில் ஆங்கிலேயக் கலெக்டர் வின்ச்சின் முன்னால் நிமிர்ந்து நின்ற துணிவு மேடையில் பிறந்ததல்ல. ஒட்டப்பிடாரம் கோர்ட்டில், எழுதப் படிக்கத் தெரியாத கட்சிக்காரனின் பக்கத்தில் நின்று பழகியது அது.

வீட்டுக்குள்ளும் அவர் அப்படித்தான். தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய, கண் தெரியாத துறவி ஒருவரை வீட்டில் தங்கவைத்தார். முதல் மனைவி வள்ளியம்மை தம் கையாலேயே அவருக்குச் சோறிட்டார். ஊர் முணுமுணுத்தது. கணவனும் மனைவியும் காதில் வாங்கவில்லை. வள்ளியம்மை இளம் வயதிலேயே இறந்துபோனார். சுயசரிதையில் அவரைப் பற்றி வரும் அடிகளைக் கண் கலங்காமல் படிப்பது கடினம்.

இருபத்தைந்து ரூபாய்க்கு ஒரு கப்பல்

பெருமுக்கல் மலைமேல் சிதைந்த கோட்டை ஒன்று இருக்கிறது. 1760இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். வியாபாரம் செய்யக் கப்பலேறி வந்த இரண்டு கம்பெனிகள், நம் ஊர்க் குன்றின்மேல் நின்று ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இடம். கம்பெனிக்கும் ஆட்சிக்கும் நடுவே எத்தனை மெல்லிய கோடு என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி. இதை வ.உ.சி. நன்றாகவே புரிந்துவைத்திருந்தார். ஆட்சி கப்பலில்தான் வந்தது. அப்படியானால் அதற்கான பதிலும் கப்பலிலிருந்தே தொடங்க வேண்டும்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான போக்குவரத்து அப்போது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வங்கப் பிரிவினைக்குப் பின் சுதேசி அலை எழுந்ததும் வ.உ.சி. முதலில் நெசவுச் சாலை, சுதேசிப் பண்டகசாலை என்று சிறிய அளவில் தொடங்கினார். பிறகு 1906 அக்டோபர் 16இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 40,000 பங்குகள். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய்.

இந்த 25 ரூபாயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்து ஜமீன்தார்களிடம் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கியும் பத்து லட்சம் சேர்த்திருக்கலாம். பணம் சேர்ந்திருக்கும், இயக்கம் சேர்ந்திருக்காது. பங்கு விலை சிறியதாக இருந்ததால் கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, பள்ளி வாத்தியார் என்று பலரும் ஒரு கப்பலுக்குச் சொந்தக்காரராக ஆகலாம் என்ற நிலை வந்தது. பெரிய கைகளும் சேர்ந்தன. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களில் ஒருவர். பாரதி தம் ‘இந்தியா’ பத்திரிகையில் பங்கு வாங்கச் சொல்லி எழுதினார். கப்பல் ஓட்டுவதோடு கம்பெனியின் நோக்கம் முடியவில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் கப்பல் தொழிலைக் கற்றுத்தருவதும் கப்பல் கட்டும் துறை அமைப்பதும் அதன் நோக்கங்களில் இருந்தன.

பங்கு விற்க அவர் ஊர் ஊராக அலைந்தார். முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். வாடகைக்குத் தந்தவர்கள்மீது ஆங்கிலக் கம்பெனி அழுத்தம் கொடுத்துப் பின்வாங்க வைத்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் முடியாது என்று பம்பாய்க்குக் கிளம்பினார். திரும்பினால் கப்பலோடு, இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். அப்போது வீட்டில் மகனுக்கு உடல்நலமில்லை, மனைவி மீனாட்சி கர்ப்பிணி என்றும் சொல்வார்கள். 1907 மே மாதம் எஸ்.எஸ். காலியா தூத்துக்குடி வந்தது. அடுத்து எஸ்.எஸ். லாவோ.

பிறகு கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. கடைசியில் ஆங்கிலக் கம்பெனியார் இலவசமாக ஏற்றிக்கொண்டு, பயணிக்கு ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது தென்பாண்டிச் சீமையில் இன்றும் சொல்லப்படும் கதை. குடையை வேண்டாம் என்று எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இருந்தார்கள். எந்தத் தலைவரின் பேச்சைவிடவும் எனக்கு அந்தப் பயணிகள் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

வக்கீல் குற்றவாளிக் கூண்டில்

1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மில் ஆங்கிலேயருடையது. நீண்ட வேலைநேரம், குறைந்த கூலி, விடுமுறை என்ற பேச்சே கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களின் பக்கம் நின்றார்கள். வேலைக்குப் போகாத நாட்களில் அந்தக் குடும்பங்கள் சாப்பிட வேண்டுமே. ஊரில் வசூல் செய்து சோற்றுக்கு வழி பண்ணினார்கள். கப்பலுக்காக நீட்டிய அதே கை இப்போது கூலிக்காரர்களின் அரிசிக்காக நீண்டது. வேலைநிறுத்தத்துக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர் பாதியிலேயே கத்தியை மடித்துக்கொண்டு எழுந்துபோனார் என்ற செய்தி அந்த நாட்களின் சூட்டைச் சொல்கிறது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

கம்பெனிக்குள்ளேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. கப்பல் வியாபாரத்தைப் பார்த்தால் போதாதா, அரசியல் எதற்கு, தொழிலாளர் விவகாரம் எதற்கு என்று கேட்டார்கள். பணம் போட்டவர்களின் அச்சம் அது. அந்த அச்சத்தை இழிவாகப் பேச நான் தயாரில்லை. ஆனால் வ.உ.சி.யின் பார்வையில் இரண்டும் வேறு வேறல்ல. மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்குச் சுயராஜ்யத்தில் பங்கு இல்லையென்றால், கப்பல் யாருக்காக ஓடுகிறது?

மார்ச் 9இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மார்ச் 12இல் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த எழுச்சியைப் பற்றி எழுதிய நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

வழக்கை விசாரித்தவர் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே. 1908 ஜூலை 7இல் தீர்ப்பு. ராஜ துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொரு 20 ஆண்டு நாடு கடத்தல். வயது 35. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. கடைசிவரை தெளியவில்லை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. கோயம்புத்தூர்ச் சிறை, பிறகு கண்ணனூர்ச் சிறை. மாடு இழுக்கும் செக்கில் வக்கீலைப் பூட்டினார்கள்.

அவரைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டம் 124ஏ பிரிவைச் சுதந்திர இந்தியாவும் நெடுங்காலம் கையில் வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை 2022 மே மாதம்தான் நிறுத்திவைத்தது. 2024இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பிரிவின் எண்ணும் சொற்களும் மாறின. அந்தக் கூண்டில் இன்னும் யார் யாரோ நிற்கிறார்கள் என்பதை உரிமை வழக்குகளில் ஆஜராகும் நம் காலத்து வழக்கறிஞர்கள் அறிவார்கள்.

அந்த வழக்கின் அதிர்வு எங்கள் கடற்கரைக்கும் வந்தது. 1908இல் ‘இந்தியா’ பத்திரிகைமீதும் அரசு பாய்ந்தபோது, பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். மரக்காணத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே போனால் வரும் ஊர். பத்தாண்டுகள் அங்கேதான் இருந்தார். தூத்துக்குடி வக்கீலைச் சிறையில் அடைத்த கை, புதுச்சேரியில் ஒரு கவிஞனைக் கட்டிப்போட்டது.

பாக்கி

1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தபோது வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. கம்பெனி 1911லேயே கலைந்துவிட்டது. கப்பல்கள் கைமாறிப் போயின. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. வயது நாற்பது. மனைவி, குழந்தைகள். சென்னைக்கு வந்து குடியேறினார். சிறுசிறு கடைகள் வைத்துப் பார்த்தார். அரிசி விற்றார், நெய் விற்றார். திலகர் மாதம் 50 ரூபாய் அனுப்பி உதவினார். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த வேதியப் பிள்ளை போன்ற தமிழர்களும் தங்களால் முடிந்ததை அனுப்பினார்கள்.

இங்கேதான் அந்த 347 ரூபாய் 12 அணா வருகிறது. வ.உ.சி. சிறையில் இருந்தபோது தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்காகப் பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். பணம் வந்து சேரவில்லை. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து, ஜி.ஏ.நடேசன் வீட்டில் தங்கியிருந்தார். வ.உ.சி. சந்திக்க விரும்பி எழுதினார். காலை ஆறு மணிக்குச் சில நிமிடங்கள் தரலாம் என்று பதில் வந்தது. அத்தனை காலையில் டிராம் வண்டியைப் பிடித்துக் குறித்த நேரத்துக்கு எப்படி வந்து சேருவது என்பது வ.உ.சி.யின் கவலை. சொந்தக் கப்பலை வரவேற்கத் துறைமுகத்தில் நின்ற மனிதர் அவர்.

அந்தக் கடிதப் போக்குவரத்தில் காந்தியே பணப் பேச்சை எடுத்தார். தென்னாப்பிரிக்காவில் உங்களுக்காகத் திரட்டிய தொகை கிடைத்ததா என்று கேட்டார். கிடைக்கவில்லை என்று வ.உ.சி. எழுதினார். கொடுத்தவர்கள் யார், எவ்வளவு என்பது காந்திக்கு நினைவில் இல்லை. விசாரித்துச் சொல்வதாக எழுதினார். மாதங்கள் போயின. வறுமையில் இருந்தவர், கூச்சத்தை விட்டு, அந்தப் பணம் இப்போது உதவும் என்று மறுபடி எழுத வேண்டியிருந்தது. 1916 தொடக்கத்தில் பணம் வந்தது. 347 ரூபாய் 12 அணா.

காந்தியைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. பொதுப்பணக் கணக்கில் அவரைவிடக் கறாரானவர் குறைவு. 1894இல் நேட்டால் இந்திய காங்கிரஸைத் தொடங்கிய நாளிலிருந்தே ஒவ்வொரு சந்தாவுக்கும் ரசீது என்பதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தவர். அவரும் வக்கீல், அவரும் வசூலித்தவர். தாமதமானாலும் தேடிக் கணக்கை முடித்தார். ஆனால் அவருக்கு அது எத்தனையோ தொகைகளுக்கு நடுவே ஒரு தொகை. வ.உ.சி.யின் அடுக்களையில் அது அடுத்த மாத அரிசி. பணம் திரட்டுகிறவர்களுக்கும் பணம் போய்ச் சேர வேண்டிய வீட்டுக்கும் நடுவில் விழும் இந்தத் தூரம், பெருமுக்கல் அம்மாவின் சுருக்குப்பையிலும் கிடக்கிறது.

உரிமை வழக்குகள் காசில்லாமல் நடக்காது என்பதை உலகமே அறியும். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு 1940இல் வழக்குகளுக்கென்றே தனி நிதியத்தைத் தொடங்கி, தர்குட் மார்ஷல் என்ற வழக்கறிஞரிடம் ஒப்படைத்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினையை உடைத்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னால் அந்த நிதியமும் அதற்குக் கொடுத்த எண்ணற்ற கைகளும் இருந்தன. மதுரையில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிறமலைக் கள்ளர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்புக்கு அப்படி ஒரு நிதியம் இல்லை. மக்கள் அவருக்கு ‘ரோசாப்பூ துரை’ என்று பெயர் வைத்தார்கள்.

1920இல் ஒத்துழையாமை இயக்கம் வக்கீல்களை நீதிமன்றத்தைவிட்டு வெளியேறச் சொன்னது. அந்த வழியில் நம்பிக்கை இல்லாத வ.உ.சி. கல்கத்தாச் சிறப்பு மாநாட்டுக்குப் பின் காங்கிரஸிலிருந்து விலகினார். நீதிமன்றம் அவரைத் தண்டித்த இடம். ஆனாலும் ஏழைக்கு அங்கே ஒரு குரல் வேண்டும் என்று நினைத்தவர் அவர். சன்னதைத் திரும்பப் பெற முயன்றார். உதவியவர் வாலஸ் என்ற ஆங்கில நீதிபதி. திருநெல்வேலியில் வ.உ.சி.யின் வழக்கை நேரில் அறிந்திருந்த அதிகாரி அவர். சன்னது கிடைத்தது. நன்றியாக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்ததற்காகச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த நல்லதைத் தன் மகனின் பெயரில் எழுதிவைத்தார்.

கோவில்பட்டியில் வக்கீல் தொழிலை மறுபடி தொடங்கினார். 1932இல் தூத்துக்குடி திரும்பினார். பழைய வருமானம் திரும்பி வரவில்லை. இதற்கு நடுவிலும் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். இந்தத் தமிழ்ப்பணி தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது. இங்கே அதைத் தொட்டுவிட்டு நகர மனம் வரவில்லை, ஆனாலும் நகர்கிறேன்.

மரக்காணத்தில் பேருந்து நின்றபோது உப்பு அம்பாரங்கள்மேல் கீற்று மூடிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் வழியில் அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். வ.உ.சி.யின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கப்பல் வரைக்கும் அமைதியாகக் கேட்டார். ஜெயில் என்றதும், “ஐயோ பாவம்” என்றார். பிறகு கேட்டார்: “காசு குடுத்தவங்களுக்கு அவரு இன்னா பதில் சொன்னாரு?”

கம்பெனி முழுகிப்போன காலத்தில் அவர் சிறையில் இருந்தார், பதில் சொல்லும் இடத்தில் அவரை விடவில்லை என்றேன். ஆனால் தன் சொந்தக் கணக்கை அவர் முடித்துவிட்டுத்தான் போனார். 1936இல் உடல் தளர்ந்த நிலையில் உயில் எழுதினார். சொத்தைப் பிரித்துத் தருவதற்கு அதில் பெரிதாக எதுவும் இல்லை. யார் யாருக்குத் தான் தர வேண்டியிருக்கிறது, எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று எழுதிவைத்தார். பிறகு, தான் விட்டு விலகிய காங்கிரஸின் தூத்துக்குடி அலுவலகத்துக்கே தன்னைத் தூக்கிப்போகச் சொன்னார். 1936 நவம்பர் 18 இரவு அங்கே உயிர் பிரிந்தது.

“பாக்கி எல்லாம் எழுதி வெச்சாரா?” என்று கேட்டுவிட்டு, அந்த அம்மா ரசீதை எட்டாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தார்.